கொசுறாகப் போன பிளேடு

"ஹலோ… ஹலோ… ஆமாங் சார், சாரதாமணிதானுங்… கேக்குதுங், கேக்குதுங்… சித்த இருங் சார். ஏ கௌசிக்கு! அந்த கிரைண்டர அமத்து சாமி, மில்லு சார் லைன்ல இருக்கறாரு!… ம், இப்பச் சொல்லுங்."

கிரைண்டர் நின்றது. புதுச்சத்திரத்து நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் கிரைண்டர் நின்றால் லாரி இரைச்சல் கேட்கும், லாரி போய்விட்டால் வெல்டிங் மெஷினின் முனகல் கேட்கும். மொத்தத்தில் ரகசியம் பேச லாயக்கில்லாத இடம். சாரதாமணி ஒரு காதில் போனையும் மறு காதில் சுண்டுவிரலையும் வைத்துக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். அழைத்தவர் நிஜாமுதீன். காவிரிக்கரைச் சர்க்கரை ஆலையில் டர்பைன் அவர் பொறுப்பு. இருபத்தெட்டு வருடமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர். அவர் போன் வந்தால் இந்தக் கொட்டகையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

"வண்டி வந்து சேந்துருச்சுங்களா?… காலைல ஏழு மணிக்கேவா! அப்பாடா… ஆமாங், ஆமாங், முட்டைத் தட்டுலதானுங் அடுக்குனது. ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாதுல்லீங்?… அது நம்ம ஆத்தாயிக்கா ரோசனைங். முன்ன முட்டை குடோன்ல அடுக்கிட்டிருந்தவங்க… ஒரு கீறல்கூட இல்லீங்களா? சொன்னனே பாத்தீங்களா!"

சொல்லிக்கொண்டே ஆத்தாயியைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். மூலையில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த ஆத்தாயிக்கு வாயெல்லாம் பல்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பதினோரு வருடமாக அந்தக் கொட்டகையில் நடந்ததெல்லாம் பாறை துளைக்கும் போர்வெல் பிட்டுகளுக்கு முனை வைக்கிற வேலை. வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஒடிசாவில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்க, இங்கே கொட்டகையைச் சாரதாமணி கட்டி மேய்த்தாள். டர்பைன் வேலை இதுதான் முதல் தடவை. டர்பைனின் கடைசி வரிசைக்கு வரும்போது நீராவி களைத்துப்போய் ஈரமாகிவிடும். அந்த ஈரத்தின் துளிகள் பிளேடின் முன்விளிம்பில் அடித்து அடித்து அதைத் தின்றுவிடும். தண்ணீர்தானே என்று இளக்காரமாக நினைப்பவர்கள் ஆலையிலிருந்து வந்த பழைய பிளேடுகளைப் பார்த்திருக்க வேண்டும், எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தன. தின்ற இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, விளிம்பின் மேல் மிருதுவான ஸ்டீலில் இரண்டு அடுக்கு, அதன் மேல் கெட்டி ஸ்டீலில் ஓர் அடுக்கு என்று வெல்டிங்கில் வைத்துத் தேய்த்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இளம்பிள்ளை என்ற ஊரில் பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்தவள் சாரதாமணி. ஆலை அதிகாரிகள் முன்னால் இதைப் புடவை ஃபால்ஸ் என்றுதான் விளக்கினாள். தரையில் உரசுகிற கரைக்கு உள்பக்கம் துணி வைக்கிறோம், அறுந்தால் அது அறுந்து போகட்டும், புடவை பிழைத்துக்கொள்ளும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நிஜாமுதீன் மட்டும் சிரிக்காமல் எழுந்து, எங்கோ தூரத்துப் பெரிய கம்பெனிக்குப் போக இருந்த அறுபத்துநாலு பிளேடுகளையும் புதுச்சத்திரத்துக்கு அனுப்பலாம் என்று தன் கையெழுத்தைப் போட்டார்.

"என்னங் சார்?… வெள்ளியா?… வெள்ளி எப்படீங் வரும், இது ஸ்டீலுங்… பளபளன்னு இருக்குதா? தேச்சது பளபளன்னுதான் இருக்குமுங்… கையில ஒட்டுதா?… என்னங் ஒட்டுது?… அறுபத்தஞ்சுமா? ஒரு நிமிசம் சார், லைன்லயே இருங், வெச்சுறாதீங்."

போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு அவள் மெல்லத் திரும்பினாள். வாசல் பக்கம் பெயிண்டர் கந்தவேல் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். துணி வெள்ளியாக இருந்தது. விரல்கள் வெள்ளியாக இருந்தன. மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு வெள்ளி.

"கந்தவேலண்ணா… பிளேடுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?… எப்ப?… நேத்து மத்தியானமா?… நான் ஓமலூருக்கு ஒறம்பரை ஊட்டு விசேசத்துக்குப் போயிருந்தப்பவா?… ரெண்டு கோட்டா! அட என்ற சாமி… யாருண்ணா அடிக்கச் சொன்னா?… யாராச்சும் சொல்லித்தான் அடிக்கோணுமாவா? நல்லாருக்குதுங்ண்ணா!"

கந்தவேல் மேல் முழுப்பழியும் போட முடியாது. நாமக்கல்லில் முப்பத்தைந்து வருடம் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடித்த மனிதர். பெயிண்ட் இல்லாத இரும்பு ஒன்று ஒரு கொட்டகையை விட்டு வெளியே போவதென்றால் அவருக்கு அது அரைகுறை உடுப்போடு பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல. அவரைச் சாரதாமணி கூப்பிட்டது பெயர்ப் பலகை எழுத மட்டும்தான். ஆர்டர் நல்லபடியாக முடியட்டும், அப்புறம் மாட்டலாம் என்று சொல்லியிருந்தாள். அவர் பொறுக்காமல் எழுதி மாட்டியே விட்டார். 'டர்பைன் பிளேடு ஸ்பெஷலிஸ்ட்' என்று நீலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு டர்பைன் படமும் போட்டிருந்தார். பார்த்தால் வீட்டு மின்விசிறி தாமரைப் பூவில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெட்கம் தாங்காமல் அவள் அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள்.

"சார்… ஆமாங், பெயிண்ட்தானுங்… எங்க பெயிண்டரு… ஆசைல பண்ணிப் போட்டாருங்… ஆமாங், தப்புதானுங்… ஆமாங், மை போட்டு வெடிப்பு இருக்குதான்னு பாக்கோணும்னா பெயிண்ட் இருக்கக் கூடாதுங், எனக்குத் தெரியாதுங்களா… 'சவுண்ட் ஹாரன்'னு எழுதலியாவா? கேலி பண்றீங்… இல்லீங், 'நன்றி மீண்டும் வருக'வும் எழுதலீங்… எலுமிச்சம்பழமா? அதும் கட்டலீங் சார், நெசமாலுமே கட்டலீங்."

ஓரக்கண்ணால் கந்தவேலைப் பார்த்தாள், நிச்சயம் செய்துகொள்ள. அவர் பழம் கட்டவில்லை என்று கையை விரித்தார். கட்டத் தோன்றாமல் போனதே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"தின்னர் ஊத்தித் தொடச்சா அஞ்சு நிமிசத்துல போயிருமுங்… அடிப்பக்கம் அடிக்கலீங்களா? பாத்தீங்களா, வேலை தெரிஞ்ச மனுசன், சக்கரத்துக் காடிப் பள்ளத்துல நொழையற பக்கத்தப் பேப்பர் ஒட்டி மறைச்சுத்தான் அடிச்சிருக்காரு… லாரிக் கண்ணாடிக்கு ஒட்டற மாதிரிதானுங்… ஹாஹா… ஆமாங்… சரிங்… என்னது, மாட்டவே ஆரம்பிச்சுட்டாங்களா?… நீங்க வாரதுக்கு முன்னாலயேவா?… பதினொண்ணு உள்ள போயிருச்சா… நாளன்னைக்குக் கரும்பு அரவைன்னா அவங்களுக்கும் அவசரம் இருக்குமுல்லீங்… ஆமாங்."

நிஜாமுதீனின் குரல் இறங்கிவிட்டது. சாரதாமணி ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கௌசிக்கும் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். இருபத்தாறு வயது, கைவேலையில் கெட்டிக்காரன். இந்த அறுபத்துநாலிலும் வெல்டிங் அவனுடையது.

"சார், ஒண்ணுங்… இப்ப எத்தனைன்னு சொன்னீங்?… அறுபத்தஞ்சா? அறுபத்திநாலுதானுங்… எண்ணிப் பாத்தீங்களா… ரெண்டு வாட்டியா… ஓ, ஒண்ணு எச்சா இருக்குதா? இருக்கட்டுமுங் சார், நாங்க கொடுத்தா எச்சாத்தான் கொடுப்போம், கொறைச்சா கொடுப்போம்? ஹாஹாஹா…"

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கண் மட்டும் தானாகச் சுவரைத் தேடிப் போனது. கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் பலகைத் தட்டுக்கு. அங்கே நாற்பது நாளாக நின்றுகொண்டிருந்த ஒன்று இப்போது இல்லை. தூசியில் அது நின்ற இடம் மட்டும் நீளமாகச் சுத்தமாக இருந்தது.

"சார்… ஒரே ஒரு நிமிசமுங்… இல்லீங், ஒண்ணுமில்லீங், பால்காரன்."

பகல் பதினொரு மணிக்குப் பால்காரன் எங்கே வருவான். போனைப் பொத்தினாள்.

"ஆத்தாயிக்கா! அங்க தட்டுல இருந்த பிளேடு எங்க?… அதுக்கும் பெயிண்ட் அடிச்சாரா?… அடிச்சு? எல்லாத்தோடயும் சேத்தி வெச்சு அனுப்பிச்சுட்டீங்களா?… என்னக்கா சொல்றீங்… கொசுறா? கொசுறா!… அக்கா, இது தக்காளியா, கத்திரிக்காயா, கொசுறு போட்டுக் கொடுக்க!"

ஆத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முட்டை குடோனில் பத்து வருடம். வழியில் ஒன்று உடைந்தாலும் கணக்கு சரியாக வர வேண்டும் என்று தட்டுக்கு மேலே ஒன்று சேர்த்து வைத்துக் கொடுத்தே பழகிய கை அவளுடையது. புது வாடிக்கை, பெரிய இடம், பலகைத் தட்டில் அழகாகப் பெயிண்ட் அடித்து ஒன்று சும்மா நிற்கிறது. சாரதாமணி ஓமலூரிலிருந்து திரும்புவதற்குள் எடுத்து வைத்து, வண்டியும் ஏற்றிவிட்டாள்.

அது சும்மா நின்ற பிளேடு இல்லை. பழகுவதற்கென்று ஆலை தனியாகக் கொடுத்த கழித்துப் போட்ட பிளேடு. முதல் நாள் கௌசிக் அதில்தான் கை வைத்தான். ஏழு வருடம் போர்வெல் பிட்டுக்கு முனை வைத்த கை, தன்னாலேயே கெட்டி ராடை எடுத்து நேராக விளிம்பின் மேல் வைத்துவிட்டது. அடியில் மிருதுவான அடுக்கு எதுவும் இல்லை. பார்க்க ஜம்மென்று இருந்தது. மறுநாள் காலையில் சிவப்பு மை போட்டுப் பார்த்தபோது முடி மாதிரி ஏழு வெடிப்பு. எல்லோர் கண்ணிலும் படட்டும், இன்னொரு தடவை இப்படி நடக்கக் கூடாது என்றுதான் அதைக் கடிகாரத்துக்குக் கீழே நிறுத்தி வைத்தாள். இப்போது அது வெள்ளிப் பெயிண்ட் பூசிக்கொண்டு, நல்ல பிளேடுகளோடு கலந்து, நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றும் சக்கரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது. அந்த வேகத்தில் விளிம்பு ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தால் மற்ற பிளேடுகள் என்ன ஆகும், பக்கத்தில் நிற்கிற ஆள் என்ன ஆவான் என்று அவள் நினைத்துப் பார்த்தாள்.

"ஆ… சார், இருக்கறனுங்… ஆமாங், அந்த எச்சாப் போன ஒண்ணு… அதத் திருப்பி அனுப்பிச்சுருங் சார்… ஏனுங், கணக்குக்குத்தானுங்… கடேசில மிஞ்சறத நீங்களே வெச்சுக்கறீங்களா?… இல்லீங், இல்லீங், மிஞ்சறது இல்லீங்… வேற ஒண்ணு… ஏதாச்சும் ஒண்ணு இல்லீங் சார், ஒரே ஒண்ணு… அதாவது… எதுன்னு கேட்டா…"

இரண்டு பொய் வாசல் வரை வந்து நின்றன. பெயிண்ட் அடித்தது சரியில்லை, அறுபத்தைந்தையும் திருப்பி அனுப்புங்கள், நாங்களே கழுவித் தருகிறோம் என்று சொல்லிவிடலாம். அல்லது கௌசிக்கை மோட்டார் சைக்கிளில் விரட்டி, பார்க்க வந்த சாக்கில் தேடி எடுத்துவரச் சொல்லலாம். அதற்குள் எத்தனை உள்ளே போகுமோ. உண்மையைச் சொன்னால் கையெழுத்துப் போட்ட மனிதர் தலை குனிய வேண்டும். ஃபால்ஸ் கதைக்குச் சிரித்த ஆபீசர்கள் இன்னொரு தடவை சிரிப்பார்கள். வெளியே தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிற பலகை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போகும். கௌசிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"சார்… ஒண்ணு சொல்லோணுமுங்… பெயிண்ட் இல்லீங்… அதவிடப் பெருசு… உக்காந்திருக்கறீங்களா?… நின்னுட்டா? உக்காருங் சார்… சும்மாத்தான் சொல்றேன், உக்காருங்… மொதல்ல மாட்டறத நிறுத்தச் சொல்லுங்… காரணம் சொல்றனுங், நிறுத்தச் சொல்லுங்… நிறுத்தியாச்சா?… அந்த அறுபத்தஞ்சுல ஒண்ணு கெட்டதுங்… ஆமாங். கெட்டது. வெடிச்சது… மொத நாளு பழகறதுக்குப் பண்ணுனது, அடியில மிருது ஸ்டீலே வெக்கலீங், கெட்டி ஸ்டீல நேரா வெச்சுப் போட்டோம்… வெல்டர் மேல பழி போடலீங், என்ற கொட்டாயி, என்ற தப்பு… தெரிஞ்சு அனுப்பலீங் சார், அல்லா மேல சத்தியமா… அய்யோ, உங்க சாமி மேல நான் எதுக்குச் சத்தியம் பண்றேன், பதறிப் போச்சுங், எங்க மாரியாத்தா மேல சத்தியமா எனக்கு இப்பத்தானுங் தெரியும்…"

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"ஹலோ?… சார்?… லைன்ல இருக்கறீங்களா?… சார், ஏதாச்சும் பேசுங், பயமா இருக்குது…"

பேசினார். போனைக் காதிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடிக்கிற அளவுக்குப் பேசினார்.

"ஆமாங்… ஆமாங்… ஆமாங்… சரிதானுங்… ஆமாங், நீங்க கையெழுத்துப் போட்டது… ஆமாங்… மறக்கலீங்… ஆமாங்… திட்டுங் சார், நல்லாத் திட்டுங்… ஆமாங்… ஆமாங், ஆள் உசுருங்… அதுனாலதானுங் சொன்னேன்… ஆமாங்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்கக் கை காலியில்லை, ஒரு கையில் போன், மறு கை காதில். அப்படியே விட்டுவிட்டாள்.

"எப்படிக் கண்டுபுடிக்கறதா?… மத்ததுக்கெல்லாம் அடிப்பக்கம் ஒண்ணுல இருந்து அறுபத்திநாலு வரைக்கும் நம்பர் பஞ்ச் பண்ணிருக்குதுங்… இதுக்கு நம்பர் கிடையாதுங்… ஒண்ணுமே இல்லாம வெறும… என்னடா? என்ன கௌசிக்கு? கைய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு… சார், இருங்."

கௌசிக் மேஜை மேல் படிந்திருந்த கிரைண்டர் தூசியில் விரலால் ஒன்று எழுதிக் காட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றான். சாரதாமணி குனிந்து பார்த்தாள். அழகான ஒரு 'உ'.

"இதையவா பஞ்ச் பண்ணுன? பிளேடு மேலயா?… மொத வேலைன்னா? அடப்பாவி, சுழி போடறதுக்கு உனக்கு நோட்டு, பேப்பர் ஒண்ணும் கெடைக்கலியா!… சார்! கண்டுபுடிச்சாச்சுங்!… அடிப்பக்கம், பெயிண்ட் இல்லாத எடத்துல பாருங், சுழி இருக்கும்… சுழிங் சார்… பிள்ளையார் சுழி… உனாங், உனா! ஒரு வட்டம் போட்டு இழுத்துவுட்ட மாதிரி… ஆமாங், அதேதான்… வெளிய இருக்கற அம்பத்திநாலையும் திருப்பிப் பாக்கச் சொல்லுங்… இருக்கறேன், லைன்லயே இருக்கறேன்."

போன் வழியாக முட்டைத் தட்டுகள் சரசரப்பதும் இரும்பு இரும்பில் இடிப்பதும் கேட்டது. கொட்டகையில் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆத்தாயி எந்தச் சாமியிடமோ எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள், விரலை மடக்கி மடக்கி, நிச்சயமாக ஒன்று அதிகமாகவே.

"சொல்லுங் சார்… இல்லியா?… அம்பத்திநாலுலயும் நம்பர்தானா?… நல்லாப் பாத்தாங்களா… அப்ப உள்ள போன பதினொண்ணுலதானுங்… யாரு, ஃபிட்டரா?… என்னங் சொல்றாரு?… ம்… ம்… மொத ஆளா அதையத்தான் விட்டாங்களா?… ஒண்ணாம் நம்பருக்கு முன்னாலயேவா?… சுழி போட்டிருந்துச்சுன்னு!… சூடம் காட்டி… தேங்காயும் ஒடைச்சாங்களா!"

அவளால் முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆர்டர் போகிற நேரத்தில், ஆள் உயிர் போயிருக்கக் கூடிய நேரத்தில், ஒரு பெண் பிள்ளை சிரிக்கலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டும் சிரித்தாள். இங்கே ஒருத்தன் தொடக்கம் நன்றாக இருக்கட்டும் என்று சுழி போட்டிருக்கிறான். அங்கே ஒருத்தர், சுழி இருந்தால் அதுதானே தொடக்கம் என்று அறுபத்தைந்தில் அந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து உள்ளே விட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூடக் கிடையாது.

"சிரிக்கலீங் சார்… இருமலுங்… தூசி… ஆமாங், சிரிக்கற நேரமில்லீங், தெரியுமுங்… நீங்க எதுக்குங் சிரிக்கறீங்? நீங்கதானுங் மொதல்ல… சரி சரி, நான் சிரிக்கலீங்."

சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி ஓடும் காடிக்கு ஒரே ஒரு வாசல்தான். அதன் வழியாக ஒவ்வொரு பிளேடாக நுழைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முதலில் போனது கடைசியில்தான் வெளியே வரும். பதினொன்றையும் கழற்றினால்தான் பிள்ளையாரைப் பார்க்க முடியும். நிஜாமுதீன் போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டுப் போனார். மரச் சுத்தியலின் தட்டு ஒவ்வொன்றாகக் கேட்டது.

"பத்து வந்துருச்சு… ஒம்பது… ஏ, யாரும் பேசாதீங்… எட்டு… கந்தவேலண்ணா, அந்த பிரஷ்ஷக் கீழ வைங், பாத்தாலே எனக்குப் பதறுது… ஆறு… அஞ்சு… ஒண்ணு சிக்கிக்கிச்சு போல… வந்துருச்சு, வந்துருச்சு… மூணு… ரெண்டு… ஒண்ணாம் நம்பரு… சார்? சார்!… வந்துருச்சுங்களா?… உனா இருக்குதா?… நல்லாத் தெரியுதா!… அந்த விளிம்புல மட்டும் தின்னர் ஊத்தித் தொடைங் சார், அன்னைக்கு நாங்க போட்ட செவப்பு மை வெடிப்புக்குள்ள இன்னும் இருக்குமுங்… தொடைச்சாச்சா… என்னங் தெரியுது?… கோடா?… செவப்பா?… எத்தனைங்?… ஏழு. ஆமாங் சார். ஏழுதானுங்… அதேதான்."

கௌசிக் தரையில் உட்கார்ந்துவிட்டான். இனி வருவது வரட்டும் என்று சாரதாமணியின் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் அழுகையும் இருந்தது.

"சொல்லுங் சார்… ஆமாங்… மீதி அறுபத்திநாலு மேலயும் எப்படி நம்பறதுன்னு கேக்கறீங், நாயந்தானுங்… நான் ஒவ்வொண்ணா என்ற கையால மை போட்டுப் பாத்ததுங், ஒரு முடி வெடிப்பு கெடையாது… நீங்க என்ற வாயி சொல்றத நம்ப வேண்டாமுங்… கழுவி, மறுக்கா மை போட்டு, உங்க கண்ணு முன்னால பாத்துக்குங்… நாங்களே வாரோங் சார், நாலு பேரும் வாரோம்… ஒரு மணி நேரத்துல அங்க இருப்போம்… அறுபத்திநாலுல ஒண்ணு செவப்புக் காட்டுனாலும் அத்தனையும் திருப்பி அனுப்பிச்சுருங். நானே போர்டக் கழட்டிப் போடறேன்… ஆமாங், போர்டு எழுதியாச்சுங்… தார்ப்பாய் போட்டிருக்கறேன்… அன்னைக்கு வந்தப்பவே பாத்துட்டீங்களா! ஓரமாத் தூக்கிப் பாத்தீங்களா… மானம் போச்சு… ஃபேன் இல்லீங், அது டர்பைனுங் சார்…"

கந்தவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரிப்போர்ட்டுல எழுதோணுமா… எழுதுங் சார். நடந்தது நடந்தபடி எழுதுங்… என்னங்?… அவங்களே போன்ல சொல்லி நிறுத்துனாங்கன்னா?… அதையும் எழுதுவீங்களா… சார்…"

நிஜாமுதீன் அந்தப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள், போனில் தலையாட்டினால் தெரியாது என்ற நினைப்பே இல்லாமல்.

"இருக்கறனுங்… கேட்டுட்டுத்தான் இருக்கறேன்… ரெண்டாவது டர்பைனா?… அடுத்த அரவைக்கு முன்னாலயா… அதுக்கும் அறுபத்திநாலுங்களா… இன்னைக்கு மை நல்லபடியாச் சொன்னா… சொல்லுமுங் சார்! கண்டிசனா? என்ன கண்டிசனுன்னாலும் சரிங்… ம்… பெயிண்ட் கூடாது. சரிங்… சுழியப் பேப்பர்ல போட்டுக்கோணும். சரிங்… அப்பறம்?… எண்ணி அறுபத்திநாலு… ஆமாங்… சரியா அறுபத்திநாலுங்… மேல ஒண்ணுகூட வராதுங் சார், என்ற பொறுப்பு!"

அவள் கை அசைத்ததும் கொட்டகை பரபரத்தது. கௌசிக் வண்டிச் சாவியை எடுத்தான். கந்தவேல் பழைய துணிகளை மூட்டை கட்டினார். தான் அடித்த பெயிண்டைத் தானே கழுவப் போகிற துக்கத்தை அந்த முடிச்சு இறுகிய இறுக்கத்தில் பார்க்கலாம். ஆத்தாயி தின்னர் கேன்களை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, சாரதாமணியின் தோளைத் தட்டினாள்.

"கெளம்பிட்டோங் சார், இந்தா வாரோம்… இருங்… என்ன ஆத்தாயிக்கா?… தின்னரா? நாலு கேன் போதும்… ஏனுங்க்கா?… வழியில ஒண்ணு ஒழுகிப் போச்சுன்னா?… அக்கா! நாலுன்னா நாலு! அந்த அஞ்சாவதக் கீழ எறக்கி வைங், எறக்கி வைங்ங்றேன்!… சார், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்… ஹலோ?… சார்?… ஏனுங் சார், இப்படிச் சிரிக்கறீங்… சார்…"

சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு லைன் கட் ஆனது.